கேசியோ 991: தாயக் கணக்குக்கு ஈஎஸ் பிளஸ் போதுமா, ஈஎக்ஸ் வேண்டுமா?

திருகோணமலை பிரதான வீதியிலோ மத்திய வீதியிலோ ஓர் எழுதுபொருட் கடைக்குள் போய் "கம்பஸுக்கு ஒரு கல்குலேட்டர்" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் மேசையில் எடுத்து வைப்பார்கள். ஒன்று கேசியோ எஃப்எக்ஸ்-991 ஈஎஸ் பிளஸ். மற்றது கிளாஸ்விஸ் வரிசையில் வந்த எஃப்எக்ஸ்-991 ஈஎக்ஸ். இரண்டாவதன் விலை நன்றாகவே கூட. என்ன வித்தியாசம் என்று கேட்டால் "இது புது மொடல், ஸ்கிரீன் கிளியர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஏகபரிமாண அட்சரகணிதம் படிப்பவர் அந்தக் கூடுதல் காசைக் கொடுப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். தாயம் (மேட்ரிக்ஸ்) என்பது எண்களைக் கிடையாக நிரைகளிலும் நிலைக்குத்தாக நிரல்களிலும் அடுக்கிய கட்டம். ஈஎஸ் பிளஸ் 3×3 தாயத்தோடு நின்றுவிடும், ஈஎக்ஸ் 4×4 வரை போகும். அந்த நான்காவது நிரை உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைத்தான் இந்த மதிப்பாய்வு பார்க்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. இரண்டு கருவியுமே விடையைத் தரும். அந்த விடையை நம்பலாமா என்று இரண்டுமே சொல்லாது. அதை நாமே சோதிக்கும் வழிகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

முதலில் உயர்தர மாணவருக்கு. இணைந்த கணிதத்தில் தாயம் உண்டு, ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள் கல்குலேட்டர் போகாது. வீட்டில் விடை சரிபார்க்க மட்டும் என்றால் ஈஎஸ் பிளஸ் தாராளம். அண்ணன் அக்கா பாவித்த பழையது ஒன்று வீட்டில் கிடந்தால் புதிது வாங்கவே வேண்டாம். கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம் படிப்பவர், பொறியியல் டிப்ளோமாக்காரர், நில அளவைப் பக்கம் போகிறவர் ஆகியோருக்குத்தான் மற்றப் பேச்செல்லாம். எந்த மொடல் பரீட்சைக்கு அனுமதி என்பதை உங்கள் பீடத்தில் கேட்ட பிறகே காசைக் கொடுங்கள்.

கடை மேசையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. சந்தையில் கேசியோவைப் போலவே அச்சு அசலாய்த் தெரியும் பிரதிகளும் சுற்றுகின்றன. பெட்டியையும் எழுத்தையும் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது சுலபம். ஈஎஸ் பிளஸில் மோட் 6 அழுத்தினால் தாயம் வரும். 1 அழுத்தி மேட்ஏ (முதல் தாயத்துக்குக் கருவி வைத்த பெயர்), 5 அழுத்தி 2×2. நான்கு கட்டத்திலும் முறையே 1, 1, 1, 0 என்று கொடுத்து ஒவ்வொன்றுக்கும் சமன் பொத்தானை அழுத்துங்கள். ஏசி பொத்தானை அழுத்துங்கள். பிறகு ஷிஃப்ட் 4, 3 அழுத்தினால் மேட்ஏ வரும். அதற்கு மேல் ஷிஃப்ட்டோடு வர்க்கப் பொத்தான், அதாவது கனம். சமன் அழுத்தினால் 3, 2, 2, 1 என்று விடை வரவேண்டும். விடைத் திரை அப்படியே இருக்க வர்க்கப் பொத்தானையும் சமனையும் அழுத்துங்கள்: 13, 8, 8, 5. இன்னொரு தடவை: 233, 144, 144, 89. இன்னொரு தடவை: 75025, 46368, 46368, 28657.

இவை எல்லாம் பிபொனாச்சி எண்கள், அதாவது முன்னைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற வரிசை. 1, 1, 1, 0 தாயத்தை எத்தனை தடவை தன்னோடு பெருக்கினாலும் அவைதான் கட்டங்களில் வந்து உட்காரும். இப்போது நிற்பது 24ஆம் வலு. இதன் துணிகோவை (தாயத்திலிருந்து கணிக்கிற ஒற்றை எண், 2×2 இல் ஒரு மூலைவிட்டப் பெருக்கத்திலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது) மிகச்சரியாக 1 ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் மூலத் தாயத்தின் துணிகோவை −1, அதன் 24ஆம் வலு 1. ஏசி அழுத்தி, ஷிஃப்ட் 4, 7 என்று துணிகோவையை எடுத்து, ஷிஃப்ட் 4, 6 என்று மேட்ஆன்ஸை, அதாவது கடைசியாக வந்த விடைத் தாயத்தைப் போட்டு, அடைப்பை மூடிச் சமன் அழுத்துங்கள். உள்ளே நடப்பது 2149991425 இலிருந்து 2149991424 ஐக் கழிப்பது. 10 இலக்கம் காட்டி உள்ளே 15 இலக்கம் வைத்துக் கணக்கிடும் நல்ல கருவிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 1 வராத கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 48ஆம் வலுவில் இதே சோதனையைச் செய்து 1 வரவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். அங்கே கழிபடுகிற எண்கள் 20 இலக்கத்துக்குப் போய்விடும், 15 இலக்கக் கருவிக்குள் அவை அடங்காது.

இனி அன்றாட வேலை. சமன்பாடு தீர்ப்பதற்குச் சீனத்து 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய கணித நூலின் எட்டாம் அத்தியாயத்து முதற் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஹான் வம்சக் காலத்து நூல் அது. மேல்தரக் கதிர் 3 கட்டு, நடுத்தரம் 2, கீழ்த்தரம் 1 சேர்ந்தால் 39 படி தானியம். 2, 3, 1 கட்டானால் 34 படி. 1, 2, 3 கட்டானால் 26 படி. ஒரு கட்டுக்கு எவ்வளவு? அந்த நூல் குச்சிகளைப் பலகையில் நிரல் நிரலாக அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் கழித்து விடை காண்கிறது. இன்று நாம் காவுஸ் நீக்கல் முறை என்று படிக்கிற அதே வேலை, காவுஸ் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னர்.

ஈஎஸ் பிளஸில் மோட் 5, 2. மூன்று நிரையிலும் குணகங்களைக் கொடுத்தால் 37/4, 17/4, 11/4 என்று பின்னமாகவே வரும். எஸ்-டி பொத்தானைத் தட்டினால் 9.25, 4.25, 2.75. ஈஎக்ஸில் மெனுவுக்குப் போய்ச் சமன்பாட்டுப் படத்தைத் தெரிந்து, ஒருங்கமை, பிறகு தெரியாக் கணியங்களின் எண்ணிக்கை 3. ஈஎக்ஸ் நான்கு தெரியாக் கணியம் வரை ஏற்கும். தீர்வே இல்லாத தொகுதியையும், எண்ணற்ற தீர்வுள்ள தொகுதியையும் அது பிரித்துச் சொல்லும். இது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் படிக்கிறவருக்கு மிகவும் பிரயோசனம். தாயப் பகுதிக்குள் நேர்மாறு (மூலத் தாயம் செய்ததைத் திருப்பிவிடும் தாயம்) எடுக்கப்போனால், துணிகோவை பூச்சியம் என்றால் கணித வழு என்று மட்டும்தான் வரும். காரணம் எது என்று தெரியாது.

தாயத்தின் நேர்மாறைக் கையால் கண்டு கொப்பியில் எழுதியவர், அதைச் சரிபார்க்க நேரே நேர்மாறை அழுத்தினால் 0.583333 போன்ற தசமங்கள் நிரம்பிய திரையைப் பார்த்துக் குழம்புவார். அதற்கு ஒரு வழி இருக்கிறது. துணிகோவையை நேர்மாறால் பெருக்கிக் கேளுங்கள், அதாவது மேட்ஏயின் துணிகோவை, பெருக்கல், மேட்ஏ, நேர்மாறுப் பொத்தான். மேலே சொன்ன தானியக் கணக்கில் துணிகோவை 12. இந்தப் பெருக்கத்தில் 7, −4, −1 / −5, 8, −1 / 1, −4, 5 என்று சுத்தமான முழுவெண் தாயம் வந்து நிற்கும். கொப்பியில் நீங்கள் இணைக்காரணிகளைக் கண்டு நிரைகளை நிரல்களாக மாற்றி எழுதுவீர்களே, அதே தாயம்தான். ஒரு குறி பிழைத்திருந்தால் எந்தக் கட்டத்தில் என்று உடனே தெரியும். மாற்றி எழுத மறந்திருந்தால் மூலைவிட்டம் மட்டும் பொருந்தி, மற்றவை இடம் மாறி நிற்கும்.

இந்தப் பகுதியில் கை தடுக்குகிற இடங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். நேர்மாறுக்கு அதற்கென்றே உள்ள −1 பொத்தானைத்தான் பாவிக்கவேண்டும். வலுப் பொத்தானை அழுத்தி −1 என்று கொடுத்தால் கருவி ஏற்காது. வர்க்கத்துக்கும் கனத்துக்கும் தனிப் பொத்தான்களே. நான்காம் வலு வேண்டுமென்றால் வர்க்கத்தின் வர்க்கம் எடுக்கவேண்டும். மறை எண் கொடுக்கும்போது அடைப்புக்குறிக்குள் கழித்தல் போட்ட பொத்தான், கழிக்கும் பொத்தான் அல்ல. 2×3 தாயத்தை 2×2 இன் இடப்பக்கம் வைத்துப் பெருக்கினால் பரிமாண வழு வரும், அது நல்லது. ஆபத்தானது இரண்டும் 3×3 ஆக இருந்து வரிசை மாறிப் பெருக்குவது. வழு எதுவும் வராது, பிழையான விடை அழகாக வரும்.

பருமனும் திசையும் உள்ள கணியங்களுக்கான காவிப் பகுதி ஈஎஸ் பிளஸில் மோட் 8. அங்கே பெருக்கற் குறியை அழுத்தினால் கிடைப்பது காவிப் பெருக்கம். எண்ணிப் பெருக்கம் வேண்டுமென்றால் ஷிஃப்ட் 5, 7. பருமனுக்குத் தனிப்பெறுமானப் பொத்தான். காவியைத் தாயத்தால் பெருக்க இரண்டு மொடலிலும் வழியில்லை, இரண்டும் வெவ்வேறு அறைகள். காவியை 3×1 தாயமாகத் தாயப் பகுதிக்குள்ளேயே கொடுக்கவேண்டும். இதற்கு மேல் காவிப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நம்பிக்கைப் பிரச்சினை. ஹில்பேட் தாயம் என்று ஒன்று உண்டு. முதல் நிரை 1, 1/2, 1/3. இரண்டாவது 1/2, 1/3, 1/4. மூன்றாவது 1/3, 1/4, 1/5. பார்க்கச் சாதுவாக இருக்கும். இதன் துணிகோவை 1/2160. நேர்மாறில் எல்லாமே முழுவெண்: 9, −36, 30 / −36, 192, −180 / 30, −180, 180. கட்டங்களில் 1÷3 என்றே கொடுத்து நேர்மாறு எடுத்தால் இரண்டு கருவியும் இதைச் சரியாகக் காட்டும்.

அடுத்து அதே தாயத்தில் 1/3 வருகிற மூன்று இடத்திலும் 0.333 என்று கொடுத்துப் பாருங்கள். இடது மேல் மூலையில் 9 இருந்த இடத்தில் 9.67 வரும். சரி, சின்ன வித்தியாசம். மூன்றிலும் 0.33 என்று கொடுங்கள். இப்போது அதே கட்டத்தில் வருவது 55.56. துணிகோவை 0.000463 இலிருந்து 0.000063 க்கு விழுந்திருக்கும். உள்ளே கொடுத்த எண்ணில் நூற்றுக்கு ஒரு வீதப் பிழை, வெளியே வந்த விடையில் ஆறு மடங்கு வித்தியாசம். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. கொடுத்த தாயத்தின் நேர்மாறை அது சரியாகத்தான் கண்டது.

ஏன் இப்படி? மூன்று நிரையும் மூன்று தளங்கள். அவை ஒன்றையொன்று கூர்மையாக வெட்டினால் வெட்டும் புள்ளி அசையாது. ஏறத்தாழ ஒரே பக்கம் சாய்ந்த தளங்களாக இருந்தால், ஒன்றைச் சற்றே அசைத்தாலும் வெட்டும் புள்ளி எங்கோ ஓடிப்போகும். ஆய்வுகூட வாசிப்புகளையோ அளவைப் பதிவுகளையோ இரண்டு தசமத்துக்கு மட்டந்தட்டித் தாயத்துக்குள் போடுகிறவர் இதை மனதில் வைத்திருக்கவேண்டும். சோதிக்கும் முறை சுலபம். விடை கண்ட பிறகு ஒரு கட்டத்தில் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி மறுபடி தீர்த்துப் பாருங்கள். விடையும் கடைசி இலக்கத்தில் மட்டும் அசைந்தால் நம்பலாம். முதல் இலக்கமே மாறினால் உங்கள் அளவீடுகளுக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வல்லமை இல்லை. எத்தனை இலக்கம் காட்டும் கருவியை வாங்கினாலும் அது மாறாது. ஈஎக்ஸ் வைத்திருப்பவர் 4×4 ஹில்பேட்டையும் கொடுத்துப் பார்க்கலாம். அதன் துணிகோவை 1/6048000.

ஐகன் பெறுமானத்துக்கு, அதாவது தாயம் திசை மாற்றாமல் நீட்டவோ சுருக்கவோ மட்டும் செய்யும் காவிகளின் மடங்கு எண்ணுக்கு, இரண்டு மொடலிலும் பொத்தான் கிடையாது. இது பெரிய குறை, ஆனால் சுற்றுவழி உண்டு. ஒரு பயிற்சிக் கணக்கை எடுப்போம். திருகோணமலை நகரம், உப்புவெளி, நிலாவெளி மூன்றிலும் நிலையம் வைத்து ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற ஒருவர் என்று வையுங்கள். நகரத்தில் எடுத்ததில் 0.8 பங்கு நகரத்துக்கே திரும்புகிறது, 0.1 உப்புவெளியில் விடப்படுகிறது, 0.1 நிலாவெளியில். உப்புவெளியில் எடுத்தவை முறையே 0.2, 0.7, 0.1. நிலாவெளியில் எடுத்தவை 0.1, 0.3, 0.6. இவற்றை நிரல்களாகப் போட்டால் 3×3 தாயம்: 0.8, 0.2, 0.1 / 0.1, 0.7, 0.3 / 0.1, 0.1, 0.6. ஒவ்வொரு நிரலின் கூட்டும் 1 ஆக இருக்கவேண்டும். கொடுத்து முடித்ததும் இதை ஒருமுறை கூட்டிப் பாருங்கள், நிரையையும் நிரலையும் மாற்றிப் போடுவதுதான் இங்கே வழக்கமான பிழை.

மேட்ஏயை வர்க்கித்து, வந்த விடையை மறுபடி வர்க்கித்து, அப்படியே போனால் நான்காவது வர்க்கத்தில் 16ஆம் வலு. அதற்குள் மூன்று நிரலும் ஒன்றுபோல் ஆகிவிட்டிருக்கும். எல்லாமே 0.45, 0.35, 0.2 ஐ ஒட்டி நிற்கும். அதாவது 20 ஸ்கூட்டர் இருந்தால் எங்கிருந்து தொடங்கினாலும் கடைசியில் சராசரியாக நகரத்தில் 9, உப்புவெளியில் 7, நிலாவெளியில் 4. நிலாவெளிக்காரர் நாலு ஸ்கூட்டருக்கு மேல் நிறுத்த இடம் கேட்டால் யோசிக்கலாம். 1998 இல் வந்த கூகிள் தேடுபொறி இணையப் பக்கங்களுக்கு மதிப்புக் கொடுக்கப் பாவித்த பேஜ்ராங்க் முறையும் அடிப்படையில் இதுதான்: ஸ்கூட்டருக்குப் பதில் இணைப்பைத் தொட்டுத் தொட்டுப் போகும் வாசகர், மூன்று நிலையத்துக்குப் பதில் கோடிக்கணக்கான பக்கங்கள். வாசகர் இணைப்பைத் தொடர்வதற்கான நிகழ்தகவு வழமையாக 0.85 என்று எடுக்கப்படும், மிகுதி 0.15 இல் அவர் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுகிறார்.

மாறாமல் நிற்கும் அந்த நிலைக்குரிய ஐகன் பெறுமானம் 1. எவ்வளவு வேகமாக அந்த நிலைக்குப் போகும் என்பதைச் சொல்வது மற்ற ஐகன் பெறுமானங்கள். அவற்றைக் காண மூன்று எண் போதும். மூலைவிட்டக் கூட்டு 0.8 + 0.7 + 0.6 = 2.1. ஒரே வரிசை எண்ணுள்ள நிரையையும் நிரலையும் நீக்கினால் மிஞ்சும் மூன்று 2×2 துணிகோவைகளின் கூட்டு 0.54 + 0.47 + 0.39 = 1.4. முழுத் துணிகோவை 0.3. ஈஎஸ் பிளஸில் மோட் 5, 4 என்று கனச் சமன்பாட்டுக்குப் போய் 1, −2.1, 1.4, −0.3 என்று குணகங்களைக் கொடுங்கள். குறிகள் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள், இங்கே பிழைவிடாதவர் குறைவு. விடைகள் 1, 0.6, 0.5. அந்த 0.6 தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது: 0.6 இன் 16ஆம் வலு ஏறத்தாழ 0.0003. அதனால்தான் 16ஆம் வலுவில் மூன்று தசமதானம் பொருந்தியது. ஈஎக்ஸில் நான்காம்படிச் சமன்பாடும் தீர்க்கலாம் என்பதால் 4×4 தாயத்துக்கும் இந்த வழி செல்லும், ஆனால் குணகங்களைக் கண்டுபிடிக்கிற வேலை கையில் நிறையவே இருக்கிறது.

நான்காவது நிரை உண்மையில் எங்கே தேவைப்படுகிறது என்பதற்குத் திருகோணமலையில் தூரம் போகத் தேவையில்லை. கடலுக்குப் போகும் படகில் இருக்கிற ஜிபிஎஸ் வாங்கி (செய்மதிச் சமிக்ஞையைப் பெறும் கருவி) ஒவ்வொரு தடவையும் நான்கு தெரியாக் கணியத்தைத் தீர்க்கிறது. மூன்று இருப்பிடத்துக்கு, நான்காவது வாங்கியின் மணிக்கூட்டுப் பிழைக்கு. மணிக்கூடு ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீற்றர் பிசகும், ஆகவே அதையும் கணியமாகவே எடுத்தாகவேண்டும். அதனால்தான் குறைந்தது நான்கு செய்மதி. தூரச் சமன்பாடுகள் வர்க்கமூலத்தோடு வருபவை. அண்ணளவான ஓர் இடத்தில் தொடங்கி, அவற்றை ஏகபரிமாணச் சமன்பாடுகளாக மாற்றி, தீர்த்து, இடத்தைத் திருத்தி, மறுபடி தீர்த்து என்று வாங்கி போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருப்பது ஒரு 4×4 தாயம். ஒரு செய்மதிக்கு ஒரு நிரை: செய்மதியை நோக்கிய அலகுக் காவியின் கிழக்கு, வடக்கு, மேல் கூறுகள், கடைசியில் ஒரு 1.

இதை ஈஎக்ஸில் செய்து பார்க்கலாம். ஒரு செய்மதி நேர் தலைக்கு மேல், மூன்று செய்மதி அடிவானத்தில் 120 பாகை இடைவெளியில் என்று வையுங்கள். மெனு 4, மேட்ஏ, நிரை 4, நிரல் 4. முதல் நிரை 0, 0, 1, 1. இரண்டாவது 1, 0, 0, 1. மூன்றாவது −0.5, √3÷2, 0, 1. நான்காவது −0.5, −√3÷2, 0, 1. மூலக்குறியோடு அப்படியே கொடுக்கலாம், கட்டத்துக்குள் அது தசமமாகிவிடும். ஏசி. ஒப்ஷன் பொத்தானை அழுத்திக் கீழே போனால் இரண்டாம் பக்கத்தில் நிரை நிரல் மாற்று இருக்கும். மேட்ஏயின் மாற்றை மேட்ஏயால் பெருக்குங்கள். வந்த விடையின் நேர்மாறை எடுங்கள். மூலைவிட்டத்து நான்கு எண்ணையும் கூட்டினால் 3. அதன் வர்க்கமூலம் 1.73. ஜிபிஎஸ்காரர் செய்மதிகளின் அமைவை மதிப்பிடுகிற டிஓபி எண் என்று சொல்வது இதைத்தான். தூர அளவீட்டில் உள்ள பிழை இருப்பிடத்திலும் நேரத்திலும் எத்தனை மடங்காகும் என்று அது சொல்கிறது.

இனி அடிவானத்துச் செய்மதி மூன்றையும் 60 பாகை உயரத்துக்கு ஏற்றுங்கள். கிடைக் கூறுகள் பாதியாகும், மேல் கூறு √3÷2 ஆகும்: 0.5, 0, √3÷2, 1 / −0.25, √3÷4, √3÷2, 1 / −0.25, −√3÷4, √3÷2, 1. முதல் நிரை அப்படியே. அதே படிகளைச் செய்தால் மூலைவிட்டக் கூட்டு ஏறத்தாழ 140, வர்க்கமூலம் 11.83. தூர அளவீட்டில் 3 மீற்றர் பிழை என்றால் முதல் அமைவில் அது 5 மீற்றர் அளவில், இரண்டாவதில் 35 மீற்றருக்கு மேல். செய்மதியின் எண்ணிக்கை இரண்டிலும் நான்குதான். எல்லாம் தலைக்கு மேலே குவிந்துவிட்டதால் நிரைகள் ஒன்றுபோல் ஆகிவிட்டன. ஹில்பேட் தாயத்துக்கு வந்த அதே நோய். கோணேசர் மலைப் பாறையின் அடிவாரத்தில் படகோடு நின்றால் வானத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பாறைக்குப் பின்னால் போய்விடுகிறதே, அங்கேயும் வாங்கிக்கு இந்த வகைத் தொல்லைதான். இப்போதைய வாங்கிகள் நாலுக்கு மேற்பட்ட செய்மதிகளை ஒன்றாக எடுப்பதால் தாக்கம் குறைகிறது, அடியில் இருக்கும் கணக்கு மாறவில்லை.

ஈஎஸ் பிளஸ் மட்டும் கையில் இருக்கிறவர் இருப்பிடத்தை மட்டும் காண விரும்பினால் ஒரு வழி உண்டு. கடைசி நிரல் முழுக்க 1 என்பதால், முதல் நிரையை மற்ற மூன்றிலிருந்தும் கழித்தால் அந்த நிரல் மறைந்து 3×3 மிஞ்சும். மோட் 5, 2 அதைத் தீர்க்கும். மணிக்கூட்டுப் பிழையைப் பிறகு முதல் நிரையில் இட்டுப் பெறலாம். டிஓபி எண்ணுக்கு இந்தக் குறுக்குவழி நேரடியாக உதவாது.

கணினி வரைவியல் படிக்கிறவருக்கும் 4×4 தேவை, ஏனென்றால் சுழற்சியையும் இடப்பெயர்ச்சியையும் ஒரே தாயத்தில் அடக்க ஒரு கூடுதல் நிரல் வேண்டும். மற்றவருக்கு ஈஎஸ் பிளஸே போதும் என்பது எங்கள் கருத்து. ஈஎக்ஸில் 5 நிரல், 45 நிரை கொண்ட விரிதாள் ஒன்றும் உண்டு. தரவு கொஞ்சம் உள்ளவருக்குக் கைகொடுக்கும், ஆனால் அதற்காகவே காசைக் கொடுக்கத் தேவையில்லை. இதன் பின் வந்த சிடபிள்யூ மொடலும் 4×4 வரை போகும். பொத்தான் அடுக்கை முழுதாக மாற்றியிருக்கிறார்கள். ஈஎஸ்ஸில் பழகிய விரலுக்குப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன் அதை வாங்கிக் கொடுப்பது நல்ல யோசனை இல்லை.

4×4 க்கு மேல் இந்த மொடல்கள் எதுவும் உதவாது. அதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஒக்டேவ் மென்பொருளை மடிக்கணினியில் போட்டுக்கொள்ளலாம். 1949 இல் பொருளியலாளர் லியோன்டீஃப் அமெரிக்கப் பொருளாதாரத்தை 42 சமன்பாடாகச் சுருக்கி ஹாவட்டின் மார்க் II கணினியில் தீர்த்தபோது 56 மணித்தியாலம் எடுத்தது. 1973 இல் அவருக்கு நோபல் பரிசு. இன்று அதே அளவுத் தொகுதியை ஒக்டேவ் கண்மூடித் திறப்பதற்குள் தீர்க்கும். ஆனால் 1 இலிருந்து 9 வரை வரிசையாகப் போட்ட 3×3 தாயத்தின் துணிகோவையைக் கேட்டால், பூச்சியம் வரவேண்டிய இடத்தில் புள்ளிக்குப் பின் பதினைந்து பூச்சியம் கழித்து ஏதோ ஓர் எண்ணைக் காட்டக்கூடும். துவித முறையில் மட்டந்தட்டுவதால் வரும் மிச்சம் அது. துணிகோவை பூச்சியமா என்று சமன் போட்டு ஒப்பிட்டுக் கணினி நிரல் எழுதுகிறவர் இதில் மாட்டிக்கொள்வார்.

பராமரிப்பு. கடற்காற்று உள்ள ஊரில் முதலில் போவது மின்கலத் தொடுப்பு. இரண்டு மொடலிலும் எல்ஆர்44 பொத்தான் மின்கலம்தான், சூரியக்கலமும் துணைக்கு உண்டு. வெளிச்சத்தில் திரை தெளிவாகவும் நிழலில் மங்கலாகவும் இருந்தால் மின்கலம் முடிந்துவிட்டது. அப்படியே விட்டால் கசிந்து தொடுப்பில் பச்சை படியும். பின்மூடியைக் கழற்றி, பஞ்சில் துளி வினாகிரி தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு புதியதைப் போடுங்கள். போட்டதும் ஈஎஸ் பிளஸில் ஓன், ஷிஃப்ட் 9, 3, சமன், ஏசி என்று முழுவதும் மீளமைக்கவேண்டும். மீளமைத்தால் கோண அலகு பாகைக்குத் திரும்பிவிடும். சுழற்சித் தாயத்தை ஆரையனில் போடுகிறவர் ஷிஃப்ட், மோட், 4 அழுத்திய பிறகே அடுத்த கணக்கைத் தொடங்கவேண்டும்.